சாமி இழுத்த பஸ்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, ஒரு வண்டிக்குக் கோளாறு வந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்கள். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. புகை கறுப்பாக வந்தால், எண்ணெய் ஒழுகினால், ஸ்டியரிங் ஆடினால், கருகல் வாசம் அடித்தால், கண்ணும் மூக்கும் இருக்கிற எவனுக்கும் தெரிந்துவிடும். கண்டுபிடித்த பிறகு அந்த வண்டியின் சொந்தக்காரனை என்ன செய்வது என்பதில்தான் தொழில் இருக்கிறது. அதை எந்த ஐ.டி.ஐ.யிலும் சொல்லித் தருவதில்லை. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், பேச எனக்கு நேரமும் இருக்கிறது, வாயும் இருக்கிறது. கேட்டுக்கொள்ளுங்கள்.

ராசிபுரத்தில் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு நான் பட்டறை நடத்திய எழுபதுகளிலும் எண்பதுகளிலும், வண்டிக்கு வியாதி வந்தால் மருந்து தேடியவர்கள் குறைவு. அந்த வியாதிக்கு ஒரு பெருமையான பெயர் தேடியவர்களே அதிகம். ரேடியேட்டர் கொதித்தால், ‘நம்ம வண்டி கொஞ்சம் கோவக்காரன்’ என்பார்கள். கிளச் நழுவினால், ‘ஆளு தெரிஞ்சுதான் ஓடும்’ என்பார்கள். நாமகிரிப்பேட்டையிலிருந்து மஞ்சள் மூட்டை ஏற்றும் லாரிக்காரர் ஒருவரிடம் பின் அச்சில் சத்தம் வருகிறது, பிரித்துப் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். அடுத்த முறை வரும்போது கேபினில் ஒரு பாட்டுப் பெட்டி மாட்டிக்கொண்டு வந்தார்.

“இப்பக் கேக்கறதில்லீங்க மேஸ்திரி” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். வாழப்பாடி தாண்டி அச்சு முறிந்து, மூட்டைகளோடு நடுரோட்டில் வண்டி உட்கார்ந்தபோதும் பாட்டு நிற்கவில்லையாம். இந்த மாதிரி ஆட்களைத்தான் நீங்களும் காலமெல்லாம் பார்க்கப் போகிறீர்கள்.

நான் தொழில் பழகிய சேலத்துப் பட்டறையில் தலைமை மெக்கானிக்காக இருந்தவர், வண்டி உள்ளே வந்ததும் ‘என்ன கோளாறு?’ என்று கேட்கவே மாட்டார். ‘இந்த வண்டியில உனக்கு என்னென்ன பழகிப் போச்சு, அதைச் சொல்லு’ என்று டிரைவரைக் கேட்பார். கோளாறு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். பழகிப் போனதைக் கேட்டால், பிரேக்கை இரண்டு தடவை மிதிக்கவேண்டும், கதவை உதைக்கவேண்டும், மழையில் வைப்பரைக் கையால் தள்ளவேண்டும் என்று வரிசையாக வரும். அந்தக் கேள்வி ஒன்றை வைத்தே நான் பாதித் தொழில் பார்த்தேன். ஆனால் ஒரு கோளாறு ஒரு டிரைவருக்கு மட்டுமில்லாமல் ஒரு ஊருக்கே பழகிப் போனால் என்ன செய்வது? அப்படியும் ஒன்று நடந்தது.

நல்லுசாமி என்று ஒரு பஸ் முதலாளி. பஸ் முதலாளி என்றால் ரூட் பஸ் இல்லை. ஒரு பழைய, நீளம் குறைந்த பஸ்ஸை வாங்கி, பின்பாதி சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுப்பதற்குப் பலகை அடித்து, மண்ணெண்ணெய் அடுப்பு, அண்டா, தண்ணீர் பீப்பாய் எல்லாம் ஏற்றி, கோயில் யாத்திரைக்கு விட்டார். சமைத்துச் சாப்பிட்டு, வண்டியிலேயே படுத்துத் தூங்கி, ராமேஸ்வரம் வரை போய்வரலாம். ராசிபுரத்தில் தறி ஓட்டும் குடும்பங்கள் பாவு நூலை நெய்து முடித்த கையோடு சேர்ந்து கிளம்புவார்கள். நல்லுசாமிக்கு வண்டியைப் பற்றி ஹாரன் எங்கே இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

ஊரை விட்டுக் கிளம்பும் ரோட்டில் இடது கைப் பக்கம் ஒரு முனியப்பன் கோயில் உண்டு. எங்கள் பக்கத்தில் எந்த வண்டி வெளியூர் கிளம்பினாலும் அங்கே நிறுத்திச் சூடம் கொளுத்தாமல் போகாது. நானும் கொளுத்தியிருக்கிறேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை இந்த யாத்திரை பஸ் அங்கே பிரேக் போட்டபோது, முன்பக்கம் தானாக இடது பக்கம் திரும்பிக் கோயிலைப் பார்த்து நின்றது. டிரைவர் மாணிக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லை. பூசாரி அதைப் பார்த்துவிட்டு, “சாமி இழுக்குது” என்றார். அவ்வளவுதான், தீர்ந்தது.

அடுத்த யாத்திரையிலும் இழுத்தது. அதற்கடுத்ததிலும் இழுத்தது. இழுக்காமல் என்ன செய்யும்? நல்லுசாமி பஸ்ஸின் நெற்றியில் ‘முனியப்பனை வணங்கும் பஸ்’ என்று பெயிண்டரைக் கூப்பிட்டு எழுதினார். இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததும் டிரைவர் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடவேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்தார். பஸ் நிறைய ஜனத்தை வைத்துக்கொண்டு, ஓடுகிற வண்டியில், ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடுவது! பஸ் தானாகத் திரும்பி நிற்கும். உள்ளே இருப்பவர்கள் குலவை போடுவார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே ரோட்டோரத்தில் கூட்டம் கூடியது.

ஒருநாள் எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்து அதை நானும் பார்த்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வலது முன் சக்கரத்தில் பிரேக் பிடிக்கவில்லை, இடது சக்கரம் மட்டும் பிடிக்கிறது, அதனால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. நேற்று வந்த உங்களுக்கே இது தெரியும். அன்றைக்கே நல்லுசாமி வீட்டுக்குப் போய், வண்டியைப் பட்டறைக்கு அனுப்பச் சொன்னேன்.

“ஏனுங்க மேஸ்திரி, இதுக்குப் பேரு ரிப்பேருங்களா?” என்று கேட்டார், எனக்கு ஏதோ புத்தி கெட்டுவிட்ட மாதிரி. “இழுக்குதுன்னுதானுங்க சனம் இந்த பஸ்ஸைத் தேடி வருது. நீங்க சரி பண்ணி உட்டுட்டா அப்பறம் எவனுங்க ஏறுவான்? சாமி காரியத்துல ஸ்பேனரை நுழைக்காதீங்க.”

கோளாறே வியாபாரமாகிவிட்டால் அதைச் சரிசெய்ய வருகிறவன் எதிரியாகிவிடுவான். நான் எழுந்து வந்துவிட்டேன். பிறகும் இரண்டொரு தடவை ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். சாமி நிந்தனை செய்கிறேன் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியதுதான் மிச்சம்.

ஆடி பிறந்தது. பதினெட்டாம் பெருக்குக்குக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். மலைப்பாதை உங்களுக்குத் தெரியும், கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே போனால் எண்ணிக்கை மறந்துவிடும். அந்த மலைக்கு இந்த பஸ்ஸை விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் மாணிக்கத்தின் பெண்டாட்டி பாப்பாத்தி பட்டறைக்கு வந்தாள். தறிக்குப் பாவு ஓட்டுகிற பெண். பட்டறைக்குள் பெண்கள் வருவது அபூர்வம். அவள் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை.

“ஏனுங்க மேஸ்திரி, நெசமாலுமே சாமிதான் இழுக்குதுங்களா?”

“உங்க ஊட்டுக்காரர் என்ன சொல்றாரு?”

“அவரு வெளியில ஒண்ணும் சொல்றதில்லீங்க. ஆனா ஊட்டுல வந்து தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்றாருங்க. வலது பக்கம் புடிச்சு இழுத்து இழுத்துக் கை போச்சுங்கறாரு. கோயில் இருக்கற எடத்துல இழுத்தாப் பரவால்லீங்க. கோயிலே இல்லாத எடத்துலயும் இழுக்குதாமுங்க. பாலத்து மேல இழுக்குது, கெணத்தோரத்துல இழுக்குதுங்கறாரு. முனியப்பன் அங்கெல்லாமா வந்து நிக்கறாரு?”

ஊரில் இத்தனை பேர் இத்தனை நாள் பார்த்தும் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. பிரேக் எண்ணெய் அடிக்கடி ஊற்றுகிறாரா என்று கேட்டேன். தினமும் ஊற்றுகிறாராம், அதையும் முதலாளி ‘அபிஷேகம்’ என்று சொல்லச் சொல்லியிருக்கிறாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணெய் தினமும் குறைகிறது என்றால் எங்கோ சக்கரத்துக்குள் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் போய்விட்டது என்று பொருள். அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய், ஒரே எண்ணெய். ஒரு சக்கரத்தில் ரப்பர் கிழிந்தால் எல்லா எண்ணெயும் அந்த வழியாகக் கொட்டிவிடும், பிறகு எந்தச் சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. அது மலை இறங்கும்போது நடந்தால் என்ன ஆகும் என்று பாப்பாத்தியிடம் நான் விளக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் ஏற்கெனவே தெரிந்த மாதிரிதான் இருந்தது.

“எங்க ஊட்டுக்காரரு ஓட்ட மாட்டேன்னா நாளைக்கே வேற ஆளைப் போட்டு ஓட்டுவாங்க. ஏறப்போறது பூராவும் எங்க தறிக்கார சனமுங்க. நீங்க காலையில வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி.”

காலையில் போனேன். பஸ் கோயில் முன்னால் ஜோடனையோடு நின்றது. உள்ளே ஆண்கள், பெண்கள், மடியில் குழந்தைகள். கூரை மேல் விறகும் அண்டாவும். நல்லுசாமியின் மகளுக்கு அந்த வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடி விருந்துக்கு வந்த மாப்பிள்ளையையும் மகளையும், ஊர் பார்க்கட்டும் என்று முன்சீட்டில் மாலை போட்டு உட்கார வைத்திருந்தார். பஸ்ஸுக்குப் பின்னால் அவருடைய கார் நின்றது. அவர் எப்போதும் காரில்தான் பின்தொடர்வார்.

நான் நேராக வலது முன் சக்கரத்திடம் போய் உட்கார்ந்தேன். பூசைக்காக எல்லாச் சக்கரத்திலும் மஞ்சளைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். மற்ற சக்கரங்களில் மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. இந்தச் சக்கரத்தின் உள்பக்கத்தில் மட்டும் எண்ணெயோடு சேர்ந்து வழிந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இது பிரேக் கோளாறு, இந்த வண்டி மலை ஏறக்கூடாது என்றேன்.

கூட்டம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கல்யாண வீட்டில் ஒப்பாரி வைத்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பூசாரி என்னோடு பேசவே விரும்பவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் நல்லுசாமியிடம் கேட்டேன்:

“பஸ் எப்பவும் ஊர்ப் பக்கமிருந்துதானே வருது? கோயில் இடது கையில இருக்குது. முன்னால போய்த் திருப்பிக்கிட்டு எதிர்ப் பக்கமிருந்து வரட்டுங்க. அப்பக் கோயில் வலது கைப் பக்கம் வரும். சாமி இழுக்குதுன்னா வலது பக்கந்தானுங்களே இழுக்கணும்?”

கூட்டத்தில் ஒரு பெரியவர், “அது ஞாயந்தானுங்களே” என்றார். நல்லுசாமியால் மறுக்க முடியவில்லை. அவருக்கே நம்பிக்கை இருந்ததோ என்னவோ, “போப்பா மாணிக்கம், திருப்பிக்கிட்டு வா” என்று கையை வீசினார்.

ஜனங்களை இறக்கிவிட்டு மாணிக்கம் பஸ்ஸைக் கொண்டுபோய்த் திருப்பினான். எதிர்ப் பக்கமிருந்து மெதுவாக வந்தான். பிரேக்கில் காலை வைத்துக் கையை எடுத்தான். பஸ் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடது பக்கம் சடாரென்று இழுத்து, அங்கே இருந்த சாராயக் கடை வாசலைப் பார்த்து நின்றது. அரசாங்கம் மறுபடியும் கடைகளைத் திறந்திருந்த காலம் அது. கடைக்காரன் பயந்து எழுந்து கும்பிட்டான்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.  பிறகு நல்லுசாமி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார்.

“பாத்தீங்களா! முனியப்பன் படையலுக்குச் சரக்கு கேக்குறாருங்க!”

குலவை கிளம்பியது பாருங்கள், அப்படி ஒரு குலவை. முனியப்பனுக்குச் சாராயம் படைப்பது எங்கள் பக்கத்தில் உண்டுதான். ஒருவன் ஓடிப்போய் ஒரு பாட்டில் வாங்கி வந்து சாமி முன்னால் வைத்தான். பூசாரி சூடம் காட்டினார். என்னுடைய சோதனை பஸ்ஸின் பெருமையை இரண்டு மடங்காக்கிவிட்டது. தம்பிகளே, இதை நன்றாக மனதில் வையுங்கள். நம்பவேண்டும் என்று தீர்மானித்துவிட்டவனுக்கு நீங்கள் எந்த நிரூபணத்தைக் காட்டினாலும் அதற்கும் ஒரு சூடம் கொளுத்திவிடுவான். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். குழந்தைகள் மறுபடியும் படியில் ஏறிக்கொண்டிருந்ததால் போக முடியவில்லை.

கூட்டத்தோடு பேசிப் பயனில்லை என்று புரிந்துவிட்டது. நல்லுசாமியின் மணிக்கட்டைப் பிடித்தேன். தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வலது சக்கரத்தின் உள்பக்கம் அவர் கையை வைத்தேன். வழவழவென்று மஞ்சளும் எண்ணெயும் விரலெல்லாம் ஒட்டின. மற்றவர்களுக்குக் கேட்காமல் அவர் காதில் சொன்னேன்.

“இது பிரேக் எண்ணெய். மலையில இறங்கறப்ப இது மொத்தமும் கொட்டிரும். அப்பறம் மிதிச்சா பெடல் தரையில போய் உக்காரும். நாலு சக்கரத்துக்கும் பிரேக் கெடையாது. இதைச் சொல்லியாச்சு. இனி நீங்களாச்சு.”

அவர் விரல்களை உற்றுப் பார்த்தார். மோந்து பார்த்தார். முகம் வெளுத்தது. தோள் துண்டில் கையை நிதானமாகத் துடைத்தார். சொல்லப் போகிறார், வண்டி போகாது என்று சொல்லப் போகிறார் என்று நான் நின்றேன். அவர் கூட்டத்தைப் பார்த்து, “ஏறுங்க, ஏறுங்க, நேரமாச்சு” என்றார். பிறகு பஸ்ஸின் முன்னால் போய், ஜன்னல் ஓரம் நின்று, குரலைத் தாழ்த்தினார்.

“மாப்பளை, நீங்க ரண்டு பேரும் எறங்கி நம்ம கார்ல வந்துருங்க. பஸ்ல காத்து பத்தாதுங்க.”

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் கட்டிய வாழைக்கன்று கிழிந்து பறந்தது. மாப்பிள்ளை தலைமுடியைக் கையால் பிடித்துக்கொண்டு, புரியாமல் மாமனாரைப் பார்த்தார். படிக்குப் பக்கத்தில் பாப்பாத்தி நின்றிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மாப்பளைக்கு மட்டும் காத்து பத்தலீங்களா?” என்றாள். சத்தமாகத்தான் கேட்டாள். “சாமி இழுக்கற பஸ்ஸு. மகளும் மருமவனும் ஏன் எறங்கோணும்? எங்க ஊட்டுக்காரரு ஓட்டறாரு, எங்க சனம் ஏறுது. உங்க சனம் மட்டும் கார்லயா?”

நல்லுசாமி மறுபடியும் துண்டில் கையைத் துடைத்தார்.  மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அவர் துண்டில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தாள், மாலையைக் கழற்றிச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். காருக்குப் போகவில்லை. ரோட்டோரம் போய் நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால், சற்று முன் ‘ஞாயந்தான்’ என்ற அந்தப் பெரியவர், சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பிறகு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் இறங்கினார்கள். யாரும் சண்டை போடவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தியும், பஸ் சாராயக் கடைக்குத் திரும்பியும் நடக்காதது, ஒரு மனிதன் தன் மாப்பிள்ளையை இறங்கச் சொன்னதில் நடந்துவிட்டது. கடைசியாக மாணிக்கம் எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். 

அண்டாவை இறக்கி, முனியப்பன் கோயில் முன்னாலேயே பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள். பஸ்ஸைப் பட்டறைக்கு நடை வேகத்தில் ஓட்டிக் கொண்டுவந்து சக்கரத்தைப் பிரித்தேன். உள்ளே ரப்பர் என் விரல் பட்டதும் பிய்ந்து வந்தது. மாணிக்கம் அதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பாப்பாத்தி வாசலில் நின்று, அதைத் தூரப் போடச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். வண்டியைத் தொட்டுப் பார்க்க விடாத முதலாளி வந்தால், அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் வீட்டு ஆட்கள் எதில் போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கோளாறு எவ்வளவு பெரியது என்று அவருக்கு உங்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

வண்டி நேராக நிற்க ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் முனியப்பன் கோயில் முன்னால் கூட்டம் குறைந்தது, யாத்திரைக்கும் ஆள் குறைந்தது. ஐப்பசி வாக்கில் நல்லுசாமி பட்டறைக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார், மழையைப் பற்றிப் பேசினார், நெல்லைப் பற்றிப் பேசினார். பிறகு பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

“மேஸ்திரி, அந்தக் கோயில் கிட்ட மட்டும் சித்தெ இழுக்கற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடுக்க முடியுங்களா? ரொம்ப வேண்டாமுங்க. லேசா.”

“தாராளமாப் பண்ணித் தாரேனுங்க” என்றேன். “மாப்பளையைக் கூட்டியாந்து முன்சீட்டுல உக்கார வெச்சுட்டு, வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க.”